மன்னார்: ஆழமில்லாக் கடலின் கணக்கு

1964 டிசம்பர் 22. நத்தாருக்கு மூன்றே நாள். ஐந்து நாள் முன்பு தெற்கு அந்தமான் கடலில் உருவான தாழமுக்கம் பெருஞ்சூறாவளியாக வளர்ந்து, இலங்கையின் கிழக்குக் கரையில் ஏறி, வவுனியா வழியே மேற்கே வந்தது. மன்னாரை அடித்துவிட்டு அன்றிரவே பாக்குக் கடலைத் தாண்டி இந்தியக் கரையின் தனுஷ்கோடிக்குப் போனது. இரு கரையிலும் சேர்த்து மாண்டவர்கள் 1,800 பேருக்குக் குறையாது என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

நாற்பது ஆண்டும் நான்கு நாளும் கழித்து, 2004 டிசம்பர் 26. நத்தாருக்கு மறுநாள் காலை. சுமாத்திராவுக்கு அப்பால் கடலடித் தரை பிளந்து எழுந்த ஆழிப்பேரலை இலங்கைக் கரையில் மட்டும் 30,000 பேருக்கு மேற்பட்டோரை வாரிக்கொண்டு போனது. முல்லைத்தீவு தரைமட்டமானது. வடமராட்சி கிழக்கில் ஊர் ஊராகப் போயிற்று. மன்னார் தீவில் பெருஞ்சேதம் இல்லை.

ஒரே கடற்கரை, ஒரே மார்கழி. ஒருமுறை அடிபட்டது, மறுமுறை தப்பியது. ஏன்? மடு மாதாவின் கிருபை என்பார்கள் சிலர். இராமர் அணை தடுத்தது என்பார்கள் வேறு சிலர். அந்த நம்பிக்கைகளோடு எனக்கு வழக்கில்லை. ஆனால் அடுத்தமுறை எது அடிக்கும், எது விடும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவைக்க வேண்டுமானால், இந்தக் கடலின் ஆழத்தைப் பற்றிப் பேசியே ஆகவேண்டும்.

தலைமன்னாரிலிருந்து வடக்கே பார்த்தால் தெரிவது பாக்குக் கடல். பெரும்பகுதியில் ஆழம் 10 மீட்டரை எட்டாது. மிக ஆழமான இடங்கூட 15 மீட்டர் அளவில் நின்றுவிடும். மேற்கே தனுஷ்கோடி வரை 30 கிலோமீட்டருக்கு, இராமர் அணை எனப்படும் மணல் தீடைகள் வரிசை கட்டி நிற்கின்றன. அவற்றுக்கு இடையில் பல இடங்களில் ஆள் இறங்கி நிற்கலாம். தெற்கே மன்னார் வளைகுடா. கரையோரத்தில் அதுவும் ஆழமற்றதுதான். ஆனால் வெளியே போகப் போகத் தரை சரிந்து, ஆயிரம் மீட்டருக்கும் கீழே இறங்கிவிடுகிறது. இவ்விரண்டு கடல்களுக்கும் நடுவே, 26 கிலோமீட்டர் நீளத்தில், கடல்மட்டத்திலிருந்து ஒருசில மீட்டரே உயர்ந்து கிடக்கும் மணல் நாக்குதான் மன்னார் தீவு.

ஆழிப்பேரலையின் வேகத்தை ஆழமே தீர்மானிக்கிறது. 4,000 மீட்டர் ஆழத்தில் அது மணிக்கு 700 கிலோமீட்டருக்கு மேல், ஏறக்குறைய ஒரு ஜெட் விமானத்தின் வேகத்தில் ஓடும். 10 மீட்டர் ஆழத்துக்கு வந்தால் மணிக்கு 36 கிலோமீட்டர்தான். வேகம் குறையும்போது பின்னால் வரும் நீர் முன்னால் போவதன் மேல் ஏறி அலை உயரும். ஆகவே ஆழமில்லாத கடல் ஆழிப்பேரலைக்குத் தடை என்று ஒரே வரியில் சொல்லிவிட முடியாது. ஆழம் குறைந்த கரையில்தான் அது எழுந்து நிற்கிறது. 2004இல் மன்னார் தப்பியதற்கு முதற்காரணம் அதன் இருப்பிடம். அலை கிழக்கிலிருந்து வந்தது. முழு இலங்கையும் குறுக்கே நின்று அடியை வாங்கிக்கொண்டது. இலங்கையைச் சுற்றி வளைந்து வந்த மிச்ச அலையும் பாக்குக் கடலின் மணல்மேடுகள் மீது பல கிலோமீட்டர் உராய்ந்து உராய்ந்து வலுவிழந்தது. கிழக்கிலும் தெற்கிலும் இறந்தவர்களின் மறைவில்தான் மன்னார் அன்று உயிரோடு இருந்தது.

சூறாவளியின் கதை வேறு. காற்றடிக்கும் சத்தத்தில் நாம் மறந்துவிடுவது, சூறாவளியில் அதிகம் கொல்வது தண்ணீர் என்பதை. புயலின் மையத்தில் காற்றழுத்தம் குறைவு. அழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் அடியிலுள்ள கடல் ஒரு சென்டிமீட்டர் உப்பும். வலுவான சூறாவளியின் மையத்தில் 40, 50 மில்லிபார் குறையும் என்று வைத்துக்கொண்டாலும் அரை மீட்டர் உயர்வுதான். மீதியெல்லாம் காற்றின் வேலை. தட்டில் ஊற்றிய தண்ணீரை வாயால் ஊதினால் ஒரு விளிம்பில் ஏறி வழியும். குடத்துத் தண்ணீரை எவ்வளவு ஊதினாலும் ஏறாது. ஆழமான கடலில் காற்று தள்ளிய மேல்நீர் கரையில் முட்டி அடியால் திரும்பிவிடும். ஆழமற்ற கடலில் திரும்பிப் போக அடியில் இடமில்லை.

எண்ணாகப் பார்த்தால் வியப்பாக இருக்கும். மணிக்கு 180 கிலோமீட்டர் காற்று 50 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரே திசையில் அடிக்கிறது என்று கொள்வோம். கடல் 80 மீட்டர் ஆழமானால் மறுகரையில் நீர் அரை மீட்டர் அளவுக்கு ஏறும். ஆழம் 8 மீட்டரானால் நாலரை மீட்டருக்கு மேல். காற்று ஒன்று, தூரம் ஒன்று. ஆழம் பத்திலொன்றாகக் குறைந்தால் வெள்ளம் பத்து மடங்கு. உண்மைச் சூறாவளியில் காற்று சீராக இராது, கணக்கு இத்தனை நேர்த்தியாகவும் வராது. ஆயினும் பாக்குக் கடல் ஏன் இத்தனை மூர்க்கமாக எழுந்தது என்பதற்கு இந்தக் கணக்கு போதும். தனுஷ்கோடியில் அன்று எழுந்த கடற்பெருக்கு 7 மீட்டர் என்கிறார்கள்.

திசையையும் கவனிக்க வேண்டும். நம் பக்கத்துக் கடல்களில் சூறாவளி இடஞ்சுழியாகச் சுழலும். மேற்கு நோக்கி நகரும் சூறாவளியின் முன்பக்கத்தில் காற்று வடக்கிலிருந்து அடிக்கும். மையம் தாண்டிய பிறகு தெற்கிலிருந்து திரும்பி அடிக்கும். மையம் நெருங்கும்போது பாக்குக் கடலின் தண்ணீர் முழுதும் தெற்கே தள்ளப்படுகிறது. அந்தத் தெற்குக் கரையில் இருப்பவை பேசாலையும் தலைமன்னாரும் தனுஷ்கோடியும். மையம் கடந்தபின் வளைகுடாத் தண்ணீர் வடக்கே திரும்பித் தீவின் தென்கரையை, தாழ்வுபாட்டுப் பக்கத்தைத் தேடி வரும். சூறாவளியின் கண் கடக்கும்போது காற்று சட்டென்று அடங்கும். வானம் வெளுத்தது போலக்கூட இருக்கும். பிழைத்தோம் என்று வீட்டைப் பார்க்கத் திரும்புகிறவர்களுக்கு இரண்டாவது அடி எதிர்ப்பக்கத்திலிருந்து விழும். இரு கடல்களுக்கு நடுவில் வாழ்கிறவர்கள் எழுத்தறிவுக்கு முன்பே கற்றுக்கொள்ள வேண்டிய பாடம் இது.

1964இன் அந்த இரவு 11.55க்குப் பாம்பனிலிருந்து புறப்பட்ட 653ஆம் எண் பயணிகள் வண்டியைத் தமிழ்நாட்டில் அறியாதவர் இல்லை. 110 பயணிகள், 5 ஊழியர்கள். தனுஷ்கோடிக்குச் சில நூறு மீட்டர் முன்னால் சமிக்ஞை விளக்கு எரியாமல் வண்டி நின்றது. பிறகு இருட்டில் மெல்ல நகர்ந்தது. அலை வந்து முழுவதையும் மூடியது. பாம்பன் பாலத்தின் பெரும்பாலான கர்டர்கள் கடலில் விழுந்தன. ஈ. ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளர் அவற்றை 46 நாளில் மீட்டுக் கட்டியதை இன்றும் பெருமையோடு பேசுகிறோம், பேசவும் வேண்டும். ஆனால் 1914இலிருந்து சென்னையையும் கொழும்பையும் இணைத்த ரயில், கப்பல் பாதையின் இரு முனைகளையும் இரண்டு மணல் நாக்குகளின் நுனியில் வைத்தது யார் முடிவு? கடல் குறுகலாக இருந்த இடம், செலவு குறைவு என்பது கணக்கு. அந்தக் கணக்கில் கடற்பெருக்குக்கு இடமில்லை. தனுஷ்கோடி குடியிருக்கத் தகாத இடமென்று அறிவிக்கப்பட்டபின் கப்பல் இராமேஸ்வரத்திலிருந்து ஓடியது; 1980களில் போர் அதையும் நிறுத்தியது.

பேரிடர்களை இயற்கை, செயற்கை என்று இரண்டு பெட்டியில் போட்டுப் பழகியிருக்கிறோம். மன்னாரின் வரலாற்றைப் புரட்டப் புரட்ட இந்தப் பிரிவு நிற்கவில்லை.

பாரும் சலாபமும்

சிங்கள நூலான இராஜாவலிய, களனி திஸ்ஸ மன்னன் காலத்தில் கடல் பொங்கி ஊர்களை விழுங்கியதைச் சொல்லும்போது முத்துக்குளிப்போரின் ஊர்கள் 400 அழிந்தன என்கிறது. எண்ணை அப்படியே எடுக்க வேண்டியதில்லை. கடல்கோள் என்றவுடன் முத்துக் கரை நினைவுக்கு வருமளவுக்கு இந்த வளைகுடாவின் பெயர் பரவியிருந்தது என்பதுதான் செய்தி.

முத்துச்சிப்பி வாழும் கடலடித் திட்டுக்குப் பார் என்று பெயர். அரிப்புக்கும் சிலாவத்துறைக்கும் மரிச்சுக்கட்டிக்கும் அப்பால் பெரிய பார், செவ்வல் பார் என்று பல உண்டு. சலாபம், அதாவது முத்துக்குளிப்பு, அறிவித்தால் கீழக்கரை, காயல்பட்டினம், யாழ்ப்பாணம், அரபுக் கரை வரையிலிருந்து குளியாளிகளும் வணிகர்களும் வந்து குவிவார்கள். ஆளில்லாத மணல்வெளியில் சில வாரத்தில் 20,000, 30,000 பேர் கொண்ட ஓலை நகரம் எழும். கடலிலிருந்து வந்த சிப்பியைக் கொட்டு எனப்படும் வேலியடைத்த வளவில் குவித்து வெயிலில் அழுகவிடுவார்கள். ஈ மொய்க்கும், புழு சதையைத் தின்று தீர்க்கும், மிச்சத்தைத் தொட்டியில் போட்டு, தண்ணீர் மாற்றி மாற்றிக் கழுவி, அடியில் தங்கும் முத்தை விரலால் பொறுக்குவார்கள். கோடிக்கணக்கான சிப்பி அழுகும் நாற்றம் காற்றடிக்கும் திசையில் மைல்கணக்கில் போகும். சுறாவின் வாயைக் கட்டுவதற்குக் கடல்கட்டி என்றொருவர் மந்திரம் சொல்ல இருந்தார். அவருக்கு அரசே கூலி கொடுத்தது. சுறாவைவிட அதிகம் அஞ்ச வேண்டியிருந்தது முகாமில் பரவும் கொலராவை. அதைக் கட்ட மந்திரமும் இல்லை, நல்ல கிணறும் இல்லை.

1905இல் 8 கோடிச் சிப்பிக்கு மேல் எடுத்தார்கள். மறு ஆண்டு பார்களை 20 ஆண்டுக் குத்தகைக்கு ஒரு கம்பெனியிடம் அரசு ஒப்படைத்தது. 1907க்குப் பிறகு எடுக்கச் சிப்பி இல்லை. 1925இல் ஒருமுறை குளித்தார்கள், அதோடு முடிந்தது.

யார் அழித்தது? 1902இல் இதை ஆராய வந்த உயிரியலாளர் ஹெர்ட்மன், துணைக்கு வந்த ஹார்னெல் இருவரும் கண்ட விடை முழுப்பழியையும் மனிதன் தலையில் போடவில்லை. அவ்வாண்டு மார்ச்சில் பெரிய பாரில் குஞ்சுச் சிப்பிகள் கம்பளம் விரித்தாற்போல் கிடந்தன. நவம்பரில் போய்ப் பார்த்தால் இல்லை. இடையில் அடித்தது தென்மேற்குப் பருவக்காற்று, நம் கடற்றொழிலாளர் சோளகம் என்பது. அந்தக் கொந்தளிப்பில் கடலடி மணல் நகர்ந்து குஞ்சுகளைப் புதைத்தது, வாரிக்கொண்டும் போனது. திருக்கை வகை மீன்களும் தம் பங்கைத் தின்றன. பெரிய பாரில் இப்படி ஆண்டுதோறும் கோடி கோடியாய்ப் பிறந்து சாவது வழக்கம். தப்பிப் பிழைத்த பார்களில் முதிர்ந்த சிப்பிகள் விட்ட விதைதான் மறுபடி கடலை நிரப்பிவந்தது. அந்த முதிர்ந்த சிப்பிகளைத்தான் நாம் கொட்டில் போட்டு அழுகவிட்டோம். இயற்கை ஒரு கதவை அடிக்கடி மூடும். மற்றக் கதவை மூடியது மனிதக் கை.

வடக்குப் பாதை

இந்தக் கரையின் மிகப் பெரிய சாவு எதுவென்று என்னைக் கேட்டால் 1964ஐச் சொல்ல மாட்டேன். அதற்கு நூறாண்டுக்கு முன்பே தொடங்கிய ஒரு நடையைச் சொல்வேன்.

கோப்பித் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்ட 1840களில், இராமநாதபுரம், மதுரை, திருச்சிராப்பள்ளிப் பக்கத்து ஏழைகளைக் கங்காணிகள் கூட்டிக்கொண்டு வந்தார்கள். பாய்மரத் தோணியில் தலைமன்னாரிலோ அரிப்பிலோ இறக்குவார்கள். அங்கிருந்து மாத்தளை வரை நடை, ஏறக்குறைய 150 மைல். மதவாச்சி, மிகிந்தலை, தம்புள்ளை என்று போகும் அந்தப் பாதையின் பெயர் வடக்குப் பாதை. வன்னியின் வறண்ட காடு, தூர்ந்துபோன குளங்கள், இரு குளத்துக்கு நடுவே தண்ணீரில்லாத நாள்கள். குடிப்பதும் குளத்தில்தான், குளிப்பதும் கழுவுவதும் அதில்தான்.

கொலராக் கிருமி உடலுக்குள் போன சில மணி நேரத்திலிருந்து ஐந்து நாளுக்குள் நோயாக வெடிக்கும். நடையோ பத்து நாளுக்கு மேல். கரையில் ஆரோக்கியமாக இறங்கியவர் பாதி வழியில் விழுவார். விழுந்தவரின் கழிவு அடுத்த கூட்டம் குடிக்கப்போகும் குளத்தில் கலக்கும். கூட்டம் நிற்காது, தோட்டத்தில் ஆள் எண்ணிக்கைக்குத்தான் கங்காணிக்குக் காசு. நோயாளியைப் பாதையோரத்தில் விட்டுவிட்டு நடந்தார்கள். லண்டனில் ஜான் ஸ்நோ ஒரு தெருக்குழாயைச் சுட்டிக்காட்டிக் கொலரா தண்ணீரால் பரவுகிறது என்று நிறுவியது 1854இல். கிருமியை அறிவியலாளர் கொக் கண்டெடுத்தது 1880களில், அதில் ஒரு பகுதி வேலை கல்கத்தாவிலேயே. அதற்குப் பிறகும் கூலிகள் அதே பாதையில் நடந்தார்கள்.

எத்தனை பேர் இறந்தார்கள்? 1849இல் கொழும்பு அப்சர்வர் பத்திரிகை, 1841 முதல் வந்தவர்களில் நாலில் ஒருவர், ஏறக்குறைய 70,000 பேர், மாண்டிருப்பார்கள் என்று எழுதியது. அது மிகை என்று வாதிடும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். வந்தவர்கள் கணக்கும் திரும்பியவர்கள் கணக்கும் ஒழுங்காக இல்லாததால் வந்த சண்டை இது. பாதியாகக் குறைத்தாலும், அதிலும் பாதியாக்கினாலும், இந்தக் கரையில் வீசிய எந்தச் சூறாவளியும் இதன் அருகில் வராது. பெயரிட்டு அழைக்கக் காற்றும் இல்லை, நினைவுகூர ஒரு தேதியும் இல்லை என்பதால் இது பேரிடர்ப் பட்டியலில் வருவதேயில்லை.

பிற்பாடு கொலராவைக் கொழும்புக்கு வரவிடாமல் தடுக்க மறுகரையில் மண்டபம் என்ற ஊரில் முகாம் அமைத்தார்கள். கூலிகளை அடைத்து வைத்துச் சோதித்து அனுப்பினார்கள். 1980களில் இலங்கைப் போரிலிருந்து தப்பித் தலைமன்னார்க் கரையில் படகேறியவர்களுக்குப் புகலிடமானதும் அதே மண்டபம் முகாம். போகும்போது அடைத்த இடம், திரும்பி ஓடிவந்தபோதும் அடைத்தது. 2022 மார்ச்சில் பொருளாதார நெருக்கடியில் அரிசியும் பால்மாவும் வாங்க முடியாமல் படகேறிய குடும்பங்களில் ஒன்றைப் படகோட்டி தீடையிலேயே இறக்கிவிட்டுப் போனான். இந்தியக் கடலோரக் காவற்படை வந்து மீட்டது. கைக்குழந்தையோடு இருந்தார்கள். ஏற்றவற்றத்தில் நீர் எந்த நேரம் எங்கே மூடும் என்று தெரியாத மணல் அது.

எலும்பின் வயது

1990 அக்டோபர் கடைசியில் விடுதலைப் புலிகள் வடமாகாணத்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். மொத்தம் 70,000 பேருக்கு மேல். எருக்கலம்பிட்டி, தாராபுரத்து மக்கள் கடல்வழியாகக் கற்பிட்டிக்குப் போனார்கள், கடல் வாடைக்காற்றில் முறுகத் தொடங்கும் காலத்தில், குழந்தைகளும் முதியவர்களும் நெருக்கியடித்த வள்ளங்களில். அதே ஆண்டு தீவைப் பெருநிலத்தோடு இணைத்த பாலம் உடைக்கப்பட்டது, தலைமன்னார் ரயிலும் நின்றது. புதுப் பாலம் 2010இல், ரயில் 2015இல். ஒரு சூறாவளி இதில் எதைச் செய்திருந்தாலும் உலகமே நிவாரணத்தோடு வந்திருக்கும்.

போர் முடிந்தபின் நிலம் வேறொன்றைக் காட்டியது. 2013 டிசம்பரில் திருக்கேதீச்சரத்தில் நீர்க்குழாய் பதிக்கத் தோண்டியபோது எலும்புகள். 2018இல் மன்னார் நகரில் சதொச விற்பனை நிலையக் கட்டடத்துக்குத் தோண்டியபோது மீண்டும் எலும்புகள்; நீதிமன்ற மேற்பார்வையில் அகழ, எண்ணிக்கை 300ஐத் தாண்டியது. இருபதுக்கு மேற்பட்ட சிறுவர்கள். ஆறு மாதிரிகள் புளோரிடாவிலுள்ள ஆய்வகத்துக்குப் போயின. 2019 மார்ச்சில் முடிவு வந்தது: 1404க்கும் 1635க்கும் இடைப்பட்டவை.

கார்பன் 14இன் பாதி 5,730 ஆண்டில் சிதைகிறது. எஞ்சிய அளவை வைத்து வயதைச் சொல்கிறார்கள். கடல்மீனை அதிகம் உண்டவர்களின் எலும்பு சில நூறாண்டு கூடுதலாக முதிர்ந்து தெரியும், ஏனெனில் கடல்நீரில் பழைய கார்பன் கலந்திருக்கிறது. மன்னார்க் கரையில் இதைக் கணக்கில் எடுத்தே ஆகவேண்டும். மறுபுறம், 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் கார்பன் 14ஐ ஏறக்குறைய இரட்டிப்பாக்கின. அதன்பின் வாழ்ந்து இறந்தவர்களின் உடலில் அந்த முத்திரை பதிந்திருக்கும். ஆகவே சோதிக்கப்பட்ட அந்த ஆறு மாதிரிகள் அண்மைக் காலத்தவை அல்ல என்பதில் வேதியியல் தெளிவாக இருக்கிறது. மீதி எலும்புகளுக்கும் அதே வயதுதானா என்று ஆறு மாதிரி சொல்லிவிட முடியாது. காணாமல் போன மகனைத் தேடிக் குழியின் ஓரத்தில் நின்ற தாய்க்கு இன்னும் பல மாதிரிகளைச் சோதிக்கக் கேட்கும் உரிமை உண்டு.

1404க்கும் 1635க்கும் இடைப்பட்ட அந்த ஆண்டுகளும் இங்கே அமைதியானவை அல்ல. 1544இல் மதம் மாறிய மன்னார்க் கரையோர மக்கள் 600 பேர் அளவில் யாழ்ப்பாண மன்னன் சங்கிலியால் கொல்லப்பட்டார்கள். 1560இல் போர்த்துக்கேயர் தீவைப் பிடித்துக் கோட்டை கட்டினார்கள். சதொசக் குழியில் கிடந்தவர்கள் இவர்களா, வேறு யாராவதா என்று வயது மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. எப்படி இறந்தார்கள், ஏன் ஒழுங்கின்றிக் கிடந்தார்கள் என்பதை எலும்பிலிருந்தே இனித்தான் படிக்க வேண்டும்.

கிணறும் வெள்ளமும்

மன்னார் தீவில் மணலைத் தோண்டினால் நன்னீர் வரும். சுற்றிலும் கடல் இருக்க அது எப்படி? மழைநீர் மணலுக்குள் இறங்கி, தன்னைவிடச் சற்றே கனமான உப்புநீரின் மேல் வில்லை வடிவில் மிதக்கிறது. நன்னீருக்கும் கடல்நீருக்கும் எடை வித்தியாசம் நாற்பதில் ஒரு பங்கு. அதனால் நன்னீர் மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நின்றால் கீழே 40 மீட்டர் வரை நன்னீர் இருக்கலாம் என்பது ஏட்டுக் கணக்கு. கணக்கைத் திருப்பியும் படிக்க வேண்டும்: மேலே ஒரு அடி குறைந்தால் கீழே நாற்பது அடி உப்பு ஏறும். பெரிய இயந்திரம் வைத்து இறைத்தாலும், மேல் மணலை அள்ளினாலும், கடற்பெருக்கு உள்ளே வந்து தேங்கினாலும் முதலில் சாவது இந்த வில்லைதான். சூறாவளியில் வீடு போனால் கட்டிவிடலாம். கிணறு உவரானால் பல மாரி பெய்து கழுவும்வரை காத்திருக்க வேண்டும்.

தென்கரையில் 2020இல் 103.5 மெகாவாட் காற்றாலைப் பூங்கா திறக்கப்பட்டது, 30 கோபுரங்கள். மேலும் கோபுரங்கள் எழுப்பவும் இல்மனைட் மணல் எடுக்கவும் திட்டங்கள் வர, 2025இல் மன்னார் மக்கள் நீண்ட போராட்டத்தில் இறங்கினார்கள். கோபுரங்களுக்காகப் போட்ட பாதைகள் மழைநீர் ஓடும் வழியை அடைத்துவிட்டன, முன்பு நிற்காத இடத்தில் வெள்ளம் நிற்கிறது என்பது அவர்கள் சொல்லும் குறை. காற்றாலை வேண்டாம் என்பவன் நானல்ல. நிலக்கரிப் புகையைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் சில மீட்டர் உயரமே உள்ள தீவில் ஒரு முழம் உயர்ந்த மண்பாதையும் அணைக்கட்டுதான். எந்த வழியாகத் தண்ணீர் கடலுக்கு இறங்குகிறது என்ற உயர வரைபடம் ஊர் மக்கள் கையில் இருக்க வேண்டும், திட்டம் போடுவதற்கு முன்பே. மேல் மணலை எடுக்கும் பேச்சைப் பொறுத்தவரை, நன்னீர் வில்லையின் கணக்குத் தெரிந்தவர் யாரும் அதற்குத் தலையாட்ட மாட்டார்.

கடல் கொண்டுவந்து போடுவதும் கூடிக்கொண்டே போகிறது. 2021இல் கொழும்புக்கு அப்பால் எரிந்து மூழ்கிய எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பலில் 1,680 தொன் அளவில் பிளாஸ்டிக் மணிகள் இருந்தன. 2025 மே மாதம் கேரளத்துக்கு அப்பால் எம்எஸ்சி எல்சா 3 என்ற கப்பல் கவிழ்ந்தது. சோளகக் காலத்து நீரோட்டம் குமரிமுனையைச் சுற்றிக் கிழக்கே ஓடுவதால் அதன் மணிகளும் அடுத்த மாதமே மன்னார்க் கரையில் ஒதுங்கின. வெள்ளைப் பயறு போன்ற அந்த மணியை மணலிலிருந்து பிரித்தெடுப்பது சலாபத்தில் முத்துப் பொறுக்குவதைவிடக் கடினம்.

1964இன் பாதையில் 2020 டிசம்பரில் புரவி என்ற புயல் வந்தது. திருகோணமலைக்கு வடக்கே ஏறி, வன்னியைக் கடந்து, மன்னார் வழியே வளைகுடாவில் இறங்கி நின்றது. நல்லகாலம், வலுவற்ற புயல். 2025 நவம்பர் இறுதியில் திட்வா புயல் வந்தபோது அடி வேறு பக்கத்திலிருந்து விழுந்தது. உள்நாட்டில் கொட்டிய மழை அருவியாற்றில் இறங்கி மன்னார்ப் பெருநிலத்து வயல்களையும் ஊர்களையும் மூழ்கடித்தது. தம்புள்ளைப் பக்கம் பிறந்து அனுராதபுரத்தைக் கடந்து வரும் ஆறு அது. மன்னாரில் தூறல்கூட விழாத நாளிலும் வெள்ளம் வரலாம். கடலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் போதாது.

இதே ஆழமில்லாக் கடலின் கணக்கை வங்காள விரிகுடாவின் தலைப்பக்கத்தில் வங்காளதேசம் நம்மைவிடக் கொடூரமாகக் கற்றது. 1970 போலா சூறாவளியில் மூன்று லட்சத்துக்கு மேல் இறந்தார்கள். 2007இல் சிதர் அதற்கு இளைத்ததல்ல. இறந்தோர் 3,400 அளவில். கடல் ஆழமாகிவிடவில்லை. தூண்மேல் நிற்கும் புகலிடங்களையும், ஒலிபெருக்கியோடு சைக்கிளில் ஊரூராகப் போகும் தொண்டர்களையும் இடையில் உருவாக்கியிருந்தார்கள்.

மன்னார்த் தீவிலிருந்து வெளியேற ஒரு தாம்போதி, ஒரு பாலம், ஒரு ரயில்பாதை. மூன்றும் பக்கத்தில் பக்கத்தில், கடல்மட்டத்தை ஒட்டி. வடகாற்று வலுத்தபின் தலைமன்னாரிலிருந்து அத்தனை பேரையும் அந்த வழியாக வெளியேற்றுவது நடக்கிற காரியமில்லை. போகவேண்டிய திசை மேல்நோக்கித்தான்: தேவாலயம், பள்ளிவாசல், பள்ளிக்கூடம், வைத்தியசாலை ஆகியவற்றின் மேல்மாடி. எந்தக் கட்டடத்தின் மேல்தளம் கடல்மட்டத்துக்கு மேல் எத்தனை மீட்டர், எத்தனை பேர் நிற்கலாம், இரவு பன்னிரண்டு மணிக்குத் திறப்பு யார் வீட்டில் இருக்கும், கண் கடக்கும் இடைவேளையில் யாரும் இறங்காமல் பார்க்க யார் பொறுப்பு, நடக்க முடியாதவர் எந்த எந்த வீட்டில் என்று ஒரு தாள். பேசாலை, தாழ்வுபாடு, எருக்கலம்பிட்டி, பள்ளிமுனை, தலைமன்னார் என்று ஊருக்கு ஒன்று. ஐப்பசி பிறக்கும் முன் ஒவ்வொரு கிராம அலுவலர் வாசலிலும் அது ஒட்டப்பட்டிருக்க வேண்டும்.